அவருக்கு இன்னும் தெரியாது

இரவு ஏழரை மணி. கல் குவாரிக்குப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போகிற ரோடு. குவாரியை மூடி வருஷக் கணக்காகிறது. அதனால் லாரியும் கிடையாது, விளக்கும் கிடையாது. ஒரே ஒரு பைக். குழியில் இறங்கும்போதெல்லாம் அதன் முன்விளக்கு அணைந்து அணைந்து எரிகிறது. ஓட்டிக்கொண்டு போனவர் என் நண்பனின் அத்தான். அவன் அக்கா வீட்டுக்காரர்.

கிட்ட வந்து உட்காருங்கள். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். நடுவில் சிரித்தால் எனக்குக் கோபம் வரும்.

அத்தானை எல்லோரும் மைக்செட் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் ரகசியம் சொன்னால் மூன்றாவது வீட்டிலிருந்து பதில் வரும். வேலை அப்படி. வீட்டிலேயே செத்துப்போகிறவர்கள் இருக்கிறார்களே, கடைசி நேரத்தில் டாக்டர் பக்கத்தில் இல்லாமல், எதனால் போனார் என்று எழுதிக் கொடுக்க ஆள் இல்லாமல்... அதைக் கண்டுபிடிக்கவே ஒரு அலுவலகம் இருக்கிறது. அங்கேயிருந்து அத்தான் போவார். கூடவே இருந்து பார்த்துக்கொண்ட சொந்தக்காரரை உட்காரவைத்துக் கேட்பார். காய்ச்சல் இருந்ததா? இருமல்? வலிப்பு? கழுத்தில் வீக்கம்? பதில்களை டேப்லெட்டில் தட்டிக்கொண்டு வருவார். முகம் தெரியாத டாக்டர்கள் அதைப் படித்துவிட்டு இன்ன நோய் என்று எழுதுவார்கள். கத்தியில்லாத போஸ்ட்மார்ட்டம் என்பார் அத்தான். காது மந்தமானவர்களிடமும், அழுகையை நிறுத்தாதவர்களிடமும் கேட்டுக் கேட்டுத் தொண்டை அப்படித் திறந்துகொண்டது.

கேள்வியை மழுப்பக் கூடாது, அது அவர்கள் சட்டம். 'போயிட்டார்', 'தவறிட்டார்' எல்லாம் கிடையாது. இறந்தார் என்றால் இறந்தார்தான்.

ஊர் சாவையெல்லாம் இப்படிப் பச்சையாக விசாரித்த மனிதர், சொந்த வீட்டில் ஒரு வார்த்தையை வாயைத் திறந்து சொல்ல முடியாமல் கிடந்தார். அவருடைய அப்பா. தொண்டையில் புற்று. முற்றிவிட்டது. அப்பாவிடம் வெறும் புண் என்று சொல்லிவைத்திருந்தார்கள். மாத்திரையை அட்டையிலிருந்து உரித்து, சத்து மாத்திரை டப்பாவில் போட்டுக் கொடுப்பாள் அக்கா.

"என்னம்மா இது, சத்து ஏற ஏற எடை இறங்குது?" என்பார் அப்பா.

எல்லோரும் சிரிப்பார்கள். தெரிந்தால் அன்றைக்கே உயிரை விட்டுவிடுவார் என்று அத்தானுக்குப் பயம். வேறு எதற்கும் பயப்படாத ஆள்.

சரி, அந்த ரோடு. அதன் கோடியில்தான் அன்றைய கடைசி வீடு. செத்தது அந்த வீட்டுக்காரர். பேச வேண்டியது அவர் மனைவியிடம். காலையில் ஃபோனிலேயே அந்த அம்மாள் சொல்லியிருந்தாள்: "ஏழு மணிக்கு மேல வாங்க தம்பி. அப்பதான் அசந்து தூங்குவாரு."

யாரோ வயசான மாமனார் படுக்கையில் இருக்கிறார் போல என்று அத்தான் நினைத்துக்கொண்டார்.

தகரக் கூரை போட்ட வீடு. ஒரு கூடம், இரண்டு நாற்காலி, சாத்திய கதவோடு ஓர் உள்ளறை. அவ்வளவுதான். உள்ளே நுழைந்ததும் ஆறிப்போன பால் வாடை. அதற்கு அடியில் மருந்துத் தண்ணீர் வாடை. அத்தானுக்கு அது புதிதில்லை. தன் வீட்டிலும் அதே வாடைதான்.

அந்த அம்மாள் உதட்டில் விரலை வைத்தாள்.

"மெதுவாப் பேசுங்க தம்பி. அவருக்கு இன்னும் தெரியாது."

அத்தானுக்குப் புரிந்தது. புரிந்ததாக நினைத்தார். மகன் செத்ததைப் படுக்கையில் கிடக்கும் தகப்பனிடம் சொல்லாமல் காப்பாற்றுகிற வீடுகள் எத்தனையோ. ஒருவருக்கும் தெரியாமல் அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போவார்கள். தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தார். குரலை இறக்கினார். அவரால் முடிந்தவரை.

"காய்ச்சல் இருந்துச்சாம்மா?"

"ஐயோ தம்பி! உங்க வீட்டுல மெதுவாப் பேசவே சொல்லித் தரலையா?"

உள்ளே கட்டில் ஒருமுறை முனகியது. இரும்புக் கட்டில். க்ரீ...ச். இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அடங்கிவிட்டது.

அவள் ரகசியக் குரலில் சொல்லிக்கொண்டு போனாள். காய்ச்சல் இல்லை. இருமல், சாப்பிடும்போது மட்டும். முதலில் கெட்டியாக எதுவும் இறங்கவில்லை. பிறகு கரைத்துக் கொடுத்ததும் இறங்கவில்லை. பிறகு தண்ணீர். கழுத்தின் இடது பக்கம் ஒரு கட்டி, கல் மாதிரி. ஆள் பாதியாகிவிட்டார்.

அத்தான் தட்டிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு பதிலையும் அவள் சொல்வதற்கு முன்பே அவர் விரல் போய்த் தொட்டது. வீட்டில் தினம் பார்ப்பதுதானே.

"குரல்ல மாற்றம்?"

"குரலே போயிடுச்சு தம்பி. வெறும் காத்துதான் வரும். ஊதற மாதிரி. பக்கத்துல போய் வாயைப் பார்த்துத்தான் புரிஞ்சுக்கணும்."

"என்ன நோய்னு டாக்டர் யாராவது சொன்னாங்களா?"

"ஒரே ஒருத்தர் சொன்னாரு. என்கிட்ட மட்டும். நான் அவர்கிட்ட புண்ணுன்னு சொல்லிட்டேன்." முந்தானையைச் சுருட்டிக்கொண்டாள். "ஆறிட்டு வருதுன்னு சொன்னேன்."

அத்தான் டேப்லெட்டிலிருந்து தலையை நிமிர்த்தவேயில்லை.

அந்த நேரம் பார்த்து மழை. தகரத்தின் மேல் கல்லைக் கொட்டுகிற மாதிரி. அவள் உதடு அசைவது தெரிகிறது, சொல் கேட்கவில்லை. இவர் கேட்பதும் அவளுக்குக் கேட்கவில்லை. கையை ஆட்டினாள். என்ன? என்ன? அத்தான் இன்னொரு முறை கேட்டார். கேட்கவில்லை. பழக்கதோஷம்... அடிவயிற்றிலிருந்து எடுத்துக் கத்தினார்.

"அவர் இறந்தப்போ பக்கத்துல யார் இருந்தீங்க?"

அவர் கத்தி முடிப்பதற்குள் சட்டென்று மழை நின்றது. பாதி வாக்கியம் காலியான கூடத்தில் தனியாக ஒலித்தது.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

க்ரீ...ச். உள்ளே யாரோ புரண்டு படுத்தார்கள். பிறகு ஒரு குரல். குரல் இல்லை அது. காற்று. கதவு சாத்தித்தான் இருந்தது, ஆனால் காதுக்குள்ளேயே ஊதுகிற மாதிரி கேட்டது.

"யாரும்மா... யாரு செத்தது?"

வெறும் காத்துதான் வரும் என்று அவள் சொன்ன குரல் இதுதான் என்று அப்போதுதான் அத்தானுக்குப் புத்திக்கு எட்டியது. அந்த அறையில் மாமனார் எவரும் இல்லை.

அவள் அழவில்லை. நடுங்கவில்லை. பழகியவள் மாதிரிக் கதவைப் பார்த்துச் சொன்னாள்.

"நம்ம வீட்டுல இல்லைங்க. இந்தத் தம்பி வீட்டுல ஒரு துக்கம். அதைத்தான் சொல்லிட்டிருக்காரு."

"அடடா... யாரு தம்பி?"

அவள் அத்தானைப் பார்த்துக் கையைக் கூப்பினாள். ஏதாவது சொல்லு. யாரையாவது சொல்லு. தூரத்து மாமா, இல்லாத சித்தப்பா, எவர் பெயரையாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். ஆனால் நாக்கில் எது முன்னால் நிற்கிறதோ அதுதானே வரும்.

"அப்பா" என்றார் அத்தான்.

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டார். சொன்னது சொன்னதுதான்.

"ச்சொ... என்ன செஞ்சுது அவருக்கு?"

"தொண்டையிலங்க."

"முழுங்க முடியலையா?"

"முடியலைங்க."

"முதல்ல கெட்டியா இருக்கறது. அப்புறம் தண்ணியும்."

"ஆமாங்க."

"கழுத்துல கட்டி?"

"...இருந்துச்சுங்க."

"எனக்கும் அதேதான் தம்பி." காற்று கொஞ்சம் நின்று வந்தது. சிரிக்கிற மாதிரி. "இவ புண்ணுங்கறா."

அந்த அம்மாள் சுவரோடு ஒட்டிப்போனாள். அத்தானுக்கு எழுந்து ஓட வேண்டும் போல இருந்தது. ஆனால் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். இத்தனை வருஷம் கேட்கிற பக்கத்தில் உட்கார்ந்தவர். பதில் சொல்கிற நாற்காலி எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"என்ன நோய்னு அவர்கிட்ட சொன்னீங்களா தம்பி?"

"இல்லைங்க."

"ஏன்?"

கூரையிலிருந்து ஒரு சொட்டு... இன்னொரு சொட்டு.

"சரி. செத்த பிறகாவது யாராவது சொன்னீங்களா?"

அந்த அம்மாளின் தொண்டையிலிருந்து ஒரு சின்னச் சத்தம் வந்தது. கொதிக்கிற பாத்திரத்தை வெறும் கையால் தொட்டவள் மாதிரி.

"இல்லைங்க" என்றார் அத்தான். வேறு என்ன சொல்வார்?

"சொல்லணும் தம்பி. யாராவது சொல்லணும். சொல்லலைன்னா மனுஷன் பாவம், ஆறிடும் ஆறிடும்னு படுத்தே கிடப்பான்." பிறகு, மெதுவாக: "இப்ப தெரிஞ்சுபோச்சு பாருங்க. இனிமே எதுக்குப் படுத்திருக்கணும்?"

க்ரீ...ச்.

இந்த முறை புரண்டு படுக்கிற சத்தம் இல்லை. பாரம் கட்டிலை விட்டு இறங்குகிற சத்தம். தரையில் ஒரு பாதம். இன்னொரு பாதம்.

"போயிடுங்க" என்றாள் அவள். அதுவரை ரகசியமே பேசியவள், வீடே அதிர அலறினாள். "போயிடுங்க தம்பி! படுக்க வச்சிருந்தேனே... படுக்க வச்சிருந்தேனே..."

அத்தான் வெறுங்காலோடு ஓடினார். டேப்லெட் நாற்காலியிலேயே கிடந்தது.

திரும்புகிற வழியில் பின் சீட்டில் யாரும் ஏறி உட்காரவில்லை. பாரம் கூடவில்லை. வெள்ளையாக எதுவும் குறுக்கே வரவில்லை. அதெல்லாம் வேறு ஆட்கள் சொல்கிற கதை. ரோடு காலியாகத்தான் இருந்தது. அதுதான் அத்தானுக்கு ஆறுதலாக இருந்தது. பின்னால் யாரும் வரவில்லை என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார்.

அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"ஃபோனை எடுத்தா குறைஞ்சா போயிடுவீங்க? உங்க ஆபீஸ்காரர் வந்து உட்கார்ந்திருந்துட்டு இப்பதான் போறாரு. அது சரி, செருப்பு எங்க?"

"எந்த ஆபீஸ்காரர்?"

"பேரெல்லாம் சொல்லலை. எலும்பும் தோலுமா ஒரு மனுஷன். தொண்டை கட்டிக்கிச்சு போல, காத்துதான் வருது. பரவாயில்லை, உங்க ஆபீஸ்ல மெதுவாப் பேசறதுக்கும் ஒரு ஆள் வச்சிருக்காங்க." தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தாள். "பால் கொடுத்தேன். இறங்காதும்மான்னு வச்சுட்டாரு. மாமாவை ஒரு நிமிஷம் பார்க்கணும்னாரு."

"உள்ள விட்டியா?"

"விடாம? நல்ல மனுஷனா இருந்தாரு. மாமா கையைப் பிடிச்சுக்கிட்டு என்னமோ சொல்லிட்டிருந்தாரு. ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு?"

அத்தான் அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

அப்பா படுத்திருக்கவில்லை. தலையணையிலிருந்து தலையைத் தூக்கக்கூட ஆள் வேண்டும் அவருக்கு, இரண்டு மாதமாக. இப்போது கட்டில் ஓரத்தில், பாதம் இரண்டையும் தரையில் ஊன்றி, நேராக உட்கார்ந்திருந்தார். முகத்தில் வலி இல்லை. கோபம் இல்லை. இடது மணிக்கட்டை வலது கை விரல்களால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, காது கொடுத்துக் கேட்கிற மாதிரி தலையைச் சாய்த்திருந்தார். விரலை நகர்த்தினார். மறுபடி அழுத்தினார். மறுபடி நகர்த்தினார்.

"வாடா" என்றார். "ஒருத்தர் வந்திருந்தாரு. நான் போயிட்டேன்னு நீதான் சொன்னியாமே அவர்கிட்ட?"

"அப்பா..."

"திட்டலைடா. கேக்கறேன். வீட்டுல யாரும் சொல்ல மாட்டாங்கன்னு, பாவம், அவரே மெனக்கெட்டு வந்து சொல்லிட்டுப் போறாரு." கையை மகனிடம் நீட்டினார். "நானும் அப்போலேருந்து தேடிட்டிருக்கேன். கிடைக்கலை. நீ கொஞ்சம் பாரு."