எட்டாம் விதி

மச்சினி: மாமா, கையைப் பாக்கெட்டுலயே வெச்சுக்குங்க. அந்த மேஜையில எதையும் தொடக் கூடாது.

மாமா: தொடலம்மா... பாத்தேன். இதுவா உங்க சிப்பு? கடுகு மாதிரி இருக்கு!

மச்சினி: அந்தக் கடுகு, உங்க கம்பெனி ஃபேனுக்குள்ள இருக்கற சர்க்யூட் போர்டு திங்கற கரண்ட்ல மூணுல ஒரு பங்கு போதும்னு சொல்லுது.

மாமா: எங்க ஃபேனைக் குறை சொல்லாத. உங்க அக்கா காதுல விழுந்தா உன்னை வீட்டுக்குள்ள விட மாட்டா.

மச்சினி: குறை இல்ல மாமா. ஒரு மணி நேரம் ஓடினப்புறம் உங்க போர்டைத் தொட்டுப் பாருங்க, சுடும். அந்தச் சூடெல்லாம் வீணாப் போற மின்சாரம். அதைக் குறைக்கத்தான் யுனிவர்சிட்டில இந்த மையமே நடத்தறோம். உங்கள மாதிரி கம்பெனிங்க உறுப்பினராச் சேர்ந்தா...

மாமா: தெரியும், தெரியும். படிவத்தை நாலு தடவை படிச்சுட்டேன்.

மச்சினி: நாலு தடவையா! கல்யாணத்தன்னிக்கே மண்டபம் மாறிப் போய் நின்னவரு நீங்க.

மாமா: அதை இன்னும் எத்தனை வருஷம் சொல்வீங்க அக்காவும் தங்கச்சியும்? விஷயத்துக்கு வா. சேர்ந்தா எங்களுக்கு என்ன லாபம்?

மச்சினி: நாலு தடவை படிச்சவர் கேக்கற கேள்வியா இது? ரிசல்ட் வெளியே வர்றதுக்கு முன்னாடியே உங்க கைக்கு வரும். எந்த ஆராய்ச்சி தொடரணும்னு ஓட்டுப் போடலாம். எவ்வளவு பெரிய கம்பெனியா இருந்தாலும் ஒரு ஓட்டுதான். ஆனா ஒண்ணு, உங்களைச் சேக்கலாமான்னு பேசறப்ப நான் அறைக்கு வெளியேதான் உக்காந்திருப்பேன். சொந்தக்காரர் பாருங்க.

மாமா: அது நியாயம். அப்புறம்... படிவத்துல அந்த எட்டாம் விதி...

மச்சினி: எந்த எட்டாம் விதி?

மாமா: அதாம்மா... கம்பெனி தன் ஆள் ஒருத்தரை ஒரு வருஷம் இங்க அனுப்பலாம், ஆய்வுக்கூடத்துல உங்களோட உக்காந்து வேலை பாக்கலாம்னு...

மச்சினி: ஓ, அதுவா! தாராளமா அனுப்புங்க. யாரு ஆளு?

மாமா: இருக்கான் ஒருத்தன். கைவேலை சுத்தம். போர்டுல ஈயத்தை உருக்கி சால்டர் வெச்சான்னா கண்ணுல ஒத்திக்கலாம்.

மச்சினி: படிப்பு?

மாமா: இதே கட்டடத்துலதான்... ரெண்டு வருஷம். மூணாவது வருஷம் அவங்க அப்பா படுத்த படுக்கையாயிட்டாரு. கடையைப் பாத்துக்க ஆளில்ல.

மச்சினி: அப்போ டிகிரி இல்ல.

மாமா: டிகிரி வேணும்னு விதியில எங்கயும் இல்லையே!

மச்சினி: ஏன் சூடாகறீங்க? உங்க போர்டே தேவலாம் போல. வயசு?

மாமா: வயசுக்கென்ன... படியெல்லாம் ரெண்டு ரெண்டாத் தாவுவான்.

மச்சினி: மாமா...

மாமா: அம்பத்தி... மூணு.

மச்சினி: இங்க மத்தவங்கல்லாம் இருபத்தஞ்சு வயசுப் புள்ளைங்க. அவருக்குக் கூச்சமா இருக்காதா?

மாமா: இருக்கு. யுனிவர்சிட்டி கேட் வரைக்கும் வந்து ரெண்டு தடவை திரும்பிப் போயிட்டான். ஆனா அன்னிக்குப் பாதியில விட்ட பாடம் இன்னும் தலைக்குள்ள ஓடிட்டே இருக்கும்மா அவனுக்கு. போர்டு சுடுதுன்னு தெரியும். ஏன் சுடுதுன்னு முழுசாத் தெரியாது. தெரியாமயே லட்சம் ஃபேன் வித்துட்டான்.

மச்சினி: வித்துட்டாரா? சால்டர் வெக்கறவர்னீங்க?

மாமா: செஞ்சுட்டான்னு சொல்ல வந்தேன்...

மச்சினி: சரி, அவர் இங்க வந்துட்டா அவர் வேலையை அங்க யாரு பாப்பா?

மாமா: உங்க அக்காதான். அவ எப்பவோ ரெடி... ஐயோ.

மச்சினி: சால்டர் வெக்கறவருக்குப் பதிலா எங்க அக்காவா?

மாமா: சரி... நான்தான். சிரிக்காத. சரிப்படாதுன்னா இப்பவே சொல்லிடு, வேற ஆளை அனுப்பறேன். உறுப்பினராச் சேர்றது சேர்றதுதான்.

மச்சினி: சிரிக்கல மாமா. மூணு வருஷத்துக்கு முன்னாடி இந்த விதியெல்லாம் எழுதறப்போ, எட்டாவதுல ‘பட்டம் பெற்ற’ ஆளைத்தான் அனுப்பணும்னு எல்லாரும் ஒத்தக் கால்ல நின்னாங்க. ரெண்டு கூட்டம் சண்டை போட்டு அந்த ரெண்டு வார்த்தையை அடிச்சு நீக்க வெச்சவ நான்... உங்களை மனசுல வெச்சுத்தான். கேட்டைத் தாண்டி வர உங்களுக்கு இவ்வளவு நாளா?