நாற்பத்தொரு தட்டுகளின் மறுபக்கம்

எனக்கு ஆட வராது. ஆடுகிறவர்களைப் பார்த்தாலே கால் வலிக்கும். அப்படிப்பட்டவன் டான்ஸ் இசைத்தட்டுக் கம்பெனியில் இருபது வருஷம் என்னதான் செய்தான் என்று நீங்கள் கேட்பது நியாயமே. ஆண்டு மலருக்கு நான் கம்பெனி வரலாறு எழுதுவதாக இருந்தது. அதை விட்டுவிட்டு, இசைக்காரர்கள் நாற்பத்தொரு பேரும் சேர்ந்து வாக்குமூலம் கேட்கிறீர்கள். இரண்டும் ஒன்றுதான்.

கம்பெனி என் அக்கா வீட்டுக்காரருடையது. சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறை. பெரிய கம்பெனிகள் சீந்தாத உங்களைத் தேடிப்பிடித்து, பக்கத்துக்கு ஒரு பாட்டாக ஆளுக்கொரு தட்டு வெளியிட்டார் அத்தான். டேப்புகளை, தட்டு அச்சடிக்கும் ஆலையில் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை.

ஆரம்பத்திலேயே நானும் ஒரு பாட்டு செய்தேன். ஆபீஸ் நகலெடுக்கும் மெஷினின் சத்தத்தை மட்டும் வைத்து ஏழு நிமிடம். அத்தான் அரை நிமிடம் கேட்டார். "இதுக்கு யாருடா ஆடுவா?" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். ஒரே ஒரு ஆளாவது அதை முழுசாகக் கேட்டால் போதும் என்று இருந்தது.

ஆகவே, முதல் தட்டுக்கான டேப்பில், உங்களில் முதலில் வந்த பாடகியின் மறுபக்கப் பாட்டை அழித்துவிட்டு என்னுடையதைப் பதிந்தேன். நல்ல டேப் கையில் இருக்கும்போது புதுசு எதற்கு? யாராவது கேட்டால் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஒருவரும் மறுபக்கம் திருப்பவில்லை. பாடகியே திருப்பவில்லை, தன் குரலைக் கேட்க வெட்கமாம். அதனால் இரண்டாவது தட்டிலும் செய்தேன். அப்படியே நாற்பத்தொன்று. உங்கள் பாட்டுகளுக்கு வேறு பிரதி கிடையாது. கம்பெனிக்கென்று ஓர் அடையாளம் வேண்டாமா?

போன வாரம் ஆண்டு விழாவில், தட்டு போடுகிறவர் அடுக்கைக் கீழே போட்டு, எல்லாவற்றையும் மறுபக்கம் மேலே வரும்படி எடுத்து வைத்துவிட்டார். மூன்று தட்டு ஓடியும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. அக்காதான் ஆடி மூச்சு வாங்க, "ஏங்க, இந்தப் பாட்டு முடியவே முடியாதா?" என்று அத்தானைக் கேட்டாளாம். நான் அப்போது வெளியே வண்டி நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அத்தான் கூப்பிட்டார். அவர் வாயைத் திறக்குமுன் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். ஜனங்கள் ஆடியிருக்கிறார்களே, பெருமையாகவே இருந்தது. அவர் ஒரு தட்டைத் திருப்பிப் போட்டார். யாரோ விசிலடித்தார்கள். என் பாட்டில் விசில் கிடையாது.

மூலையில் ஆலை ஆபரேட்டர் தலைகுனிந்து நின்றிருந்தான்.

"அந்த மெஷின் சத்தத்தை ஒவ்வொரு தடவையும் முழுசாக் கேட்டேன் சார். தாங்க முடியல. கம்பெனி பேரு கெட்டுடக் கூடாதேன்னு நான் விசிலடிச்ச பாட்டை எல்லாத்துலயும் போட்டேன்."

என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என் பாட்டை நாற்பத்தொரு முறை தூக்கி எறிந்திருக்கிறான். அடுத்தவன் உழைப்பில் கை வைக்க ஒரு மனிதனுக்கு எப்படித்தான் மனசு வருகிறதோ. அவன் மேல் புகார் கொடுக்கப் போகிறேன். நீங்கள் அத்தனை பேரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும்.