வெந்நீர்க் குளத்து உத்தியோகம்

— கத்தாதேடி மீரிம். தண்ணிக்குள்ள இருக்கேன், பயந்தா முங்கிடுவேன்.

— முங்கும்மா, நல்லா முங்கு. அப்பா கொடுத்தனுப்பின சம்சாவைத் தூக்கிக்கிட்டு உன் தையல் கூடத்து வாசல்ல போய் நிக்கிறேன். காவல்காரர் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார். “உங்கம்மாவா? போன வருஷமே ஓய்வு வாங்கிட்டாங்களே, கேக் எல்லாம் வெட்டினோமே”ங்கிறார். என் மூஞ்சியை எங்கே வச்சுக்கிறது?

— கேக் சுமாராத்தான் இருந்துச்சு.

— அம்மா!

— இங்கே இருக்கேன்னு யாருடி சொன்னது?

— உள்ளேயிருந்து ஒருத்தி கத்தினா. “புருல் அக்காவா? வெந்நீர் ஊத்துல மிதந்துக்கிட்டு இருப்பாங்க”ன்னு. அத்தனை பேரும் சிரிக்கிறாங்க. ஊருக்கே தெரியுது, பெத்த பொண்ணுக்குத் தெரியலை. தினமும் காலையில “ஐயோ நேரமாச்சு”ன்னு பையை மாட்டிக்கிட்டு ஓடினியே!

— ஓடினது நிஜம்தான். இங்கே பொம்பளைங்க நேரம் மத்தியானத்தோட முடிஞ்சிடும்.

— வெட்கமா இல்லை?

— எதுக்குடி வெட்கம்? அஞ்சு பெத்து வளர்த்தவ, போதும், நீ உட்காருன்னு அரசாங்கமே முன்கூட்டி விட்டுடுச்சு. நான் பெத்ததை எண்ணிப் பார்த்த ஒரே ஆள் அதுதான்.

— அப்போ வீட்டுக்கு வந்து உட்கார வேண்டியதுதானே?

— வீட்டுலயா? பக்கத்து வீட்டு ரைகானைப் பாரு. ஓய்வு வாங்கின மறுநாளே மகன் வந்து மூத்த குழந்தையை மடியில வச்சான். மூத்த பேரப்பிள்ளை தாத்தா பாட்டி மடியிலதான் வளரணுமாம், வழக்கமாம். அப்புறம் இளையவன். சொந்தத்துல எவன் வீட்டு விருந்துன்னாலும், “ரைகான் சும்மாதானே இருக்கா”. மாவு பிசைய ரைகான், ஆட்டுக் குடல் கழுவ ரைகான். சும்மா இருக்கிறவளுக்கு உட்கார நேரமில்லை.

— அதுக்காக நீ தப்பிச்சுக்கிட்டு அண்ணியை மாட்டி விடுவியா? ஜிபார் அண்ணி நர்ஸ் படிப்பு படிச்சவங்க. மாமியார் வேலைக்குப் போறாங்க, குழந்தை அக்தானைப் பார்த்துக்க ஆளில்லைன்னு ஆஸ்பத்திரி வேலையை விட்டுட்டுப் புட்டி கழுவிக்கிட்டு இருக்காங்க. நீ மிதக்கிறதுக்கு அவங்க முழுகணுமா?

— ...அது குத்துதுடி. அது ஒண்ணுதான் குத்துது.

— குத்தட்டும்.

— உங்கண்ணனுக்குக் குத்தலையா? குழந்தை அவனோடதும்தானே? உங்கப்பாவுக்கு? பாதி மாசம் மலை மேல சுரங்கத்துல, பாதி மாசம் சோபா மேல. தலைநகரம் பிஷ்கெக் வரைக்கும் போய்ப் பட்டம் வாங்கிட்டு வந்து என்னை மட்டும் நிக்க வச்சுக் கேட்கிற.

— அவங்களையும் கேட்பேன். விடமாட்டேன். முதல்ல நீ.

— சரி, கேளு. கேட்டுக்கிட்டே இங்கே பாரு. ஏரிக்கரையில பொறந்தவ நான். கணுக்காலுக்கு மேல நனைஞ்சதில்லை. கம்பளம் துவைக்கப் போவேன், உங்களை விளையாட விட்டுட்டுக் கரையில நின்னு துணிக்குக் காவல் இருப்பேன். இப்போ பாரு. கையை விட்டேன். காலையும் விட்டேன்.

— மிதக்கிறே.

— மல்லாக்க!

— சரி, மல்லாக்க மிதக்கிறே. அதுக்கு ஏன் அழறே?

— அழலை. ஊத்துத் தண்ணி.

— எல்லாம் இன்னையோட முடிஞ்சுது. அப்பாவுக்கும் சுரங்கத்துல முன்கூட்டியே ஓய்வு கொடுத்தாச்சு, தெரியும்ல?

— தெரியாம என்ன? தேனீ வளர்க்கிறேன், மீன் பிடிக்கிறேன்னு நேத்து பூரா அலம்பல் பண்ணினாரே.

— தேனீ கொட்டும், மீன் நாறும்னு விட்டுட்டார். காலையில புது முடிவு. “இனி என் நேரமெல்லாம் உங்கம்மாவுக்குத்தான்”ங்கிறார்.

— ஐயையோ.

— தினமும் உன்னைக் கார்ல கொண்டுபோய் தையல் கூடத்துல விடுவாராம். சாயந்திரம் கூட்டிட்டு வருவாராம். நடுவுல மேற்பார்வைக்காரியோட டீ குடிச்சு, புருலுக்கு முதுகு வலி, ரொம்ப உட்கார வைக்காதீங்கன்னு பேசுவாராம். காரைக் கழுவியாச்சு. இன்னைக்கே வர்றார்.

— கல்யாணம் ஆனதுலேர்ந்து பஸ் நிக்கிற இடம் வரைக்கும் கூட வராத மனுஷன்! இப்பவா அன்பு பொங்கணும்? மீரிம், என் தங்கமே, சொல்லிடாதேடி. மத்தியானத்துக்கு மேல அக்தானை நான் பார்த்துக்கிறேன். காலைப்பொழுது மட்டும் என்னை விட்டுடச் சொல்லு.

— முடியாதும்மா. பொய் சொல்லிப் பிழைக்கவா என்னைப் படிக்க வச்சே? அண்ணி வேலைக்குப் போகணும். நான் சொல்லத்தான் போறேன்.

— வழி விடு, நான் உள்ளே வந்ததும் கதவைச் சாத்து, படிச்ச பொண்ணே. குளிர் உள்ளே வருது.

— அண்ணி? நீங்க எப்படி இங்கே?

— பஸ்லதான். அத்தை, கொஞ்சம் நகருங்க, நானும் இறங்கறேன்.

— ஜிபார்... உனக்கு எப்பத்திலேர்ந்து தெரியும்மா?

— உங்க துணியைத் துவைக்கிறது யாரு அத்தை? தையல் கூடத்துல இருக்கிறவங்க துணியில நூல் ஒட்டியிருக்கும். உங்களுது ஒரு வருஷமா கந்தகம் நாறுது.

— அண்ணி, தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க? உங்களுக்குக் கோபமே வரலையா?

— வராம? கோபம் வந்தன்னைக்கெல்லாம் அத்தையோட உப்பு டீயில இன்னும் உப்பை அள்ளிப் போட்டேன். அப்புறம், வீட்ல ஒருத்தியாவது தப்பிச்சாளேன்னு விட்டுட்டேன்.

— அடிப்பாவி! எனக்கு ரத்தக் கொதிப்புன்னு டாக்டர்கிட்டல்லாம் போனேனே!

— அது இருக்கட்டும் அண்ணி, குழந்தை எங்கே?

— மாமா மடியில. ஓய்வு வாங்கினவங்க மடிக்குத்தானே மூத்த பேரன்? வழக்கத்தை மீற நான் யாரு?

— அவர் வாங்கிக்கிட்டாரா?

— வேணாம்னு சொல்ல வாயைத் திறந்தார் அத்தை. அதுக்குள்ள அக்தான் மீசையைப் பிடிச்சுட்டான்.

— நீ எங்கே கிளம்பறேன்னு கேட்கலையா?

— கேட்டார். ஆஸ்பத்திரியில அடுத்த மாசம்தான் சேரச் சொல்லியிருக்காங்க. அதுவரைக்கும் சும்மா இருக்கேன்னு சொல்ல முடியுமா? தையல் கூடத்துல அத்தைக்குப் பக்கத்து மெஷின் எனக்குக் கிடைச்சிருக்குன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.