காய்ச்சிய சாறு

கப்பல் சமையல்காரனுக்கு உப்பு கூடிவிட்டதே என்ற கவலை மட்டும் கிடையாது. பழியைக் கடல்மேல் போட்டுவிடலாம். மற்ற குறைகளுக்கெல்லாம் அவன்தான் ஏச்சு வாங்க வேண்டும். என் சாப்பாட்டைக் குறை சொல்லாதவர் சின்னவர் ஒருவர்தான். கேப்டனைப் பெரியவர் என்போம்; அவருக்கு அடுத்த அதிகாரி என்பதால் இவர் சின்னவர். அவர் எப்படிச் செத்தார் என்றுதானே கேட்கிறீர்கள்? சொல்கிறேன், ஐயா. அவர் தட்டில் நான் எதையும் கலக்கவில்லை.

முந்தைய பயணத்தில் என் தம்பியும் அதே கப்பலில் பாய் கட்டும் வேலையில் இருந்தான். துடுக்கு வாய். சின்னவருக்கும் அவனுக்கும் ஏழாம் பொருத்தம். ஒருநாள் புயலில் முன்பாயைச் சுருட்டச் சொல்லி அவனை அனுப்பினார், பின்னாலேயே தானும் போனார். நான் அடுப்பை அணைத்துவிட்டு மேல்தளத்துக்கு வந்தபோது தம்பி இல்லை. சின்னவர் மட்டும் விளிம்போரம் உட்கார்ந்திருந்தார், உள்ளங்கையில் ரத்தம். என்னைக் கண்டதும் கையைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு, "என்னை மன்னிச்சிருப்பா" என்றார்.

தப்பு செய்யாதவன் எதற்கு மன்னிப்புக் கேட்கிறான்? தள்ளிவிடும்போது தம்பி அந்தக் கையைக் கடித்திருக்கிறான். எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. கரைக்கு வந்து தம்பியின் பெட்டியை அம்மாவிடம் கொடுத்தேன். "கூடவே இருந்தும் பார்த்துக்கலையேடா" என்றாள். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை.

அடுத்த பயணத்துக்கும் அதே கப்பலில் ஏறினேன். அதற்குள் சின்னவரின் காயம் ஆறி, தழும்பும் மங்கி, என்ன பட்டதென்றே சொல்ல முடியாமல் போயிருந்தது. அந்தக் கையில் தட்டை நீட்டும்போதெல்லாம் தம்பியின் பல் பட்ட இடத்தைத் தேடுவேன். கத்தியும் என் பக்கத்திலேயே இருந்தது. ஆனால் ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு.

மாதக்கணக்கில் கரை காணாத பயணத்தில் காய்கறி தீர்ந்ததும் ஈறு வீங்கும், பல் ஆடும், கால் கறுக்கும். அது வராமலிருக்கத்தான் எல்லோருக்கும் தினமும் எலுமிச்சைச் சாறு கொடுப்போம். நான் முதலில் வேலை பார்த்த கப்பலில் சாறு கெடக்கூடாதென்று செம்புப் பானையில் சுண்டக் காய்ச்சி வைத்தார்கள். அதைக் குடித்தவர்களில் பாதிப் பேரைக் கடலில் போட்டோம். காய்ச்சினால் அது வெறும் புளிப்புத் தண்ணீர். இன்னொன்றும் அங்கே பார்த்தேன். அந்த நோய் முற்றினால், ஆறிப்போன பழைய காயமெல்லாம் மறுபடி வாய் பிளக்கும்.

சின்னவருக்கு ஓயாத சளி. சாற்றைச் சூடாக்கித் தருகிறேன், நெஞ்சுக்கு இதமாக இருக்கும் என்றேன். சர்க்கரையும் போட்டேன். அவருக்கு மட்டும் மாமியார் வீட்டு உபசாரம் என்று மாலுமிகள் கேலி செய்தார்கள். அவர்களெல்லாம் பச்சைச் சாறு குடித்து நன்றாகத்தான் இருந்தார்கள். சின்னவருக்குப் பல் விழத் தொடங்கியதும் பெரியவர் பயந்துபோய், இரண்டு பங்கு சாறு கொடுக்கச் சொன்னார். இரண்டு பங்கு காய்ச்சினேன்.

கடைசியில் ஒரு காலை, அவர் அறையில் கஞ்சி ஊட்டும்போது, அவர் கையில் புதிதாகச் சுற்றியிருந்த துணியில் ரத்தக்கறை தெரிந்தது. நானே பிரித்தேன். இத்தனை மாதம் காத்திருந்தது அதற்குத்தானே. உள்ளங்கையின் குறுக்கே இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒரே கோடாகத் திறந்திருந்தது.

அவரும் அதைப் பார்த்தார். "கயிறுப்பா" என்றார். "உன் தம்பி இடுப்புல கட்டியிருந்த கயிறு. நான் விடல. அதுதான் கையை அறுத்துக்கிட்டுப் போயிருச்சு. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

சாகக் கிடப்பவர் எதையும் சொல்வார். பீப்பாயில் பச்சைச் சாறு நிறைய இருந்தது. அன்று கொடுத்திருந்தாலும் பிழைத்திருப்பார். நான் போய் அடுப்பை மூட்டினேன். சூடாகக் கொண்டுவந்து கொடுத்ததைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, "நீ நல்லாயிருக்கணும்" என்றார். அந்த வாரமே அவரைப் பாய்த்துணியில் சுற்றிக் கடலில் இறக்கினோம்.

ஆமாம், நான்தான் கொன்றேன். எழுதிக்கொள்ளுங்கள். அம்மா முகத்தில் இனி விழிக்கலாம். பல் பட்டால் வளைவாகத்தானே இருக்கும், நேர்க்கோடாக எப்படி இருக்கும் என்று, நான் எல்லாவற்றையும் சொன்னதும் பெரியவர் கேட்டார். நீங்களும் அதையேதான் கேட்கப் போகிறீர்கள்.

என் தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே பல்வரிசை நேராக இருக்கும், ஐயா.