துவைத்துக் கொடுத்த புகை

வெள்ளிமலையிலிருந்து இறங்கும் பஸ். காற்றை உறிஞ்சிச் சோதிக்கும் மிஷினை மடியில் வைத்திருந்த ஆராய்ச்சி மாணவியிடம், அதைத் தன் வீட்டு வாசலில் வைக்க இடம் கொடுத்த மலைக்காரப் பெண் பெருமையாகச் சொன்னார்:

“வூட்ல வச்ச பொருள அழுக்காவா திருப்பிக் குடுப்போம்? தொவச்சிட்டேன்.”

“இன்னாக்கா தொவச்சீங்க?”

“உள்ள இருந்த ஸ்பாஞ்ச. சோப்பு போட்டு.”

“ஐயோ! புகையில ஆவியா போறது அதுலதாங்க்கா நிக்கும். தூசியில ஒட்டிக்கிறது அதுக்கு முன்னால வச்ச வடிகட்டுற தாள்ல நிக்கும். குளுருல தாள்ல ஜாஸ்தி, வெயில்ல ஸ்பாஞ்சுல ஜாஸ்தி. அதத்தான் பாக்க வந்தேன். தாளாவது இருக்குதா?”

“இருக்குதே. ஒரே கரி. நல்லா உதறி மடிச்சி வச்சிருக்கேன்.”

மாணவி முன்சீட்டுக் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அந்தம்மா அவள் முதுகைத் தட்டினார்.

“இதுக்குப் போயி அழுவறியே பாப்பா. திரும்பி வூட்டுக்கு வா. ஈர வெறகா அடுப்புல வச்சி, பொழுது சாயறதுக்குள்ள ரெண்டத்தையும் ரொப்பிக் குடுக்கறேன்.”