வெளி ஆளிடம் ஓடிபி

"ஆபீஸ் வேலைக்கு ஆள் வெச்சதுலேர்ந்துதான் பாய் எனக்கு ஆபீஸ் வேலை ஜாஸ்தி!"

ஆம்பூரிலிருந்து வேலூர் போகும் பேருந்து. முன் இருக்கையில் இரண்டு முதலாளிகள். பேசியவர் ஷூ தைக்கும் சிறிய யூனிட் வைத்திருப்பவர். பக்கத்தில் இருந்த பாய்க்குக் கையுறை யூனிட்.

"இன்னா, அந்தப் பொண்ணுக்கு வேலை தெரியலியா?"

"பில்லு, ஜிஎஸ்டி எல்லாம் சூப்பராப் போடுது. ஆனா எதைத் தொட்டாலும் ஓடிபி என் போனுக்கு வருது. உடனே கூப்பிடுது. மெஷின்கிட்ட நிக்க முடியல, பார்ட்டிகிட்ட பேச முடியல. ஒரே பேஜாரு."

"யோவ், ஆபீசுக்குன்னு தனி நம்பர் வாங்கி அது கையில குடு. நான் அப்படித்தான் குடுத்துட்டேன். நிம்மதியா தோல் கட்டிங் பாக்குறேன். புதுசா ரெண்டு ஆர்டர் புடிச்சேன்."

"இன்னா பாய் பேசுற? ஓடிபியப் போய் வெளி ஆள்கிட்ட குடுப்பாங்களா?"

ஷூ யூனிட்காரரின் போன் அடித்தது. எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். "சார், ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க" என்றது ஆபீஸ் பெண்ணின் குரல். திரையைக் கிட்டே பிடித்தார், தள்ளிப் பிடித்தார், சட்டைப் பையைத் தடவினார். பாயும் எட்டிப் பார்த்து, எழுத்து தெரியவில்லை என்றார். பிறகு எழுந்து கண்டக்டரிடம் போனை நீட்டினார்.

"சார், கண்ணாடிய மறந்துட்டேன். இதுல வந்திருக்குற நம்பரைப் படிங்க. கொஞ்சம் சத்தமா."