நான்கு பிளக், இருபத்திரண்டு நிமிஷம்

காரில் ஸ்பார்க் பிளக் மாற்றுவது அப்படியொன்றும் பெரிய வித்தை இல்லை. சட்டைக்குப் பொத்தான் தைக்கத் தெரிந்தவருக்கு இதுவும் வரும். கொஞ்சம் பொறுமை இருந்தால் வீட்டு வாசலிலேயே முடித்துவிடலாம். விஷயத்துக்கு வா என்கிறீர்கள். சார், விஷயமே இதுதான்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பதிவு அலுவலகத்தில் பழைய கோப்புகளைப் பார்த்துக்கொள்கிறேன். பத்தொன்பது வருஷத்தில் ஒரு கோப்பு தொலைந்ததில்லை. அதை யாரும் கவனித்ததும் இல்லை. வீட்டிலும் அதே கதைதான். குழாய் ஒழுகினாலும் ஃபேன் நின்றாலும் என் மனைவி போனை எடுத்து அவள் அண்ணனைத்தான் கூப்பிடுவாள். நான் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பேன். மச்சான் இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். வந்ததும் டார்ச்சை என் கையில் கொடுத்து, "மாப்ளே, இதைப் பிடிச்சுக்கங்க, அது போதும்" என்பார். பிடித்துக்கொள்வேன். "மாப்ளைக்குப் பேனா மூடியைக் கழட்டவே ரெண்டு ஆள் வேணும்" என்று அவர் சொன்னால் வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன். சொல்கிற விதம் அப்படி, அவருக்கு அந்தக் கலை உண்டு.

சென்ற மழைக்காலத்தில் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்து ஸ்டென்ட் வைத்தார்கள். டாக்டர் எங்கள் எல்லோரையும் உட்கார வைத்து, மறுபடி வலி வந்தால் ஒரு நிமிஷம்கூட வீணாக்கக் கூடாது, உடனே கொண்டுவந்துவிட வேண்டும் என்றார். நான் அங்கேதான் இருந்தேன். நன்றாகவே காதில் விழுந்தது. எப்படியும் கேட்பீர்கள் என்பதால் முந்திக்கொண்டு சொல்கிறேன்.

அவர் ஆஸ்பத்திரியில் இருந்த அந்த வாரத்தில்தான் எங்கள் கார் திக்கித் திணற ஆரம்பித்தது. கூப்பிட அண்ணன் இல்லை. மனைவி போனைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தாள். நான் ஒரு வீடியோவை மூன்று தடவை பார்த்துவிட்டு, கடைக்குப் போய் நான்கு பிளக்கும் அதற்கான நீள ஸ்பேனரும் வாங்கி வந்தேன். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். ஒன்றைக் கழற்றி, புதியதை மாட்டிவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும். முதலில் விரலாலேயே திருக வேண்டும், இல்லாவிட்டால் மரை கெட்டுவிடும். இரண்டரை மணி நேரம் ஆனது. சாவியைத் திருப்பினேன். எஞ்சின் பாலில் நனைத்த மாதிரி மிருதுவாக ஓடியது.

மனைவி வாசலுக்கு வந்தாள். "அட, உங்களுக்கு இதெல்லாம் வருமா?" என்றாள்.

அந்த "அட" இருக்கிறதே, சார், கல்யாணமான இத்தனை வருஷத்தில் அதை நான் கேட்டதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. குளிக்கும்போது பாடினேன். மறுநாள் அலுவலகத்தில் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறினேன். காவலாளி என்ன விசேஷம் என்று கேட்டார். பிளக் என்றேன். அவருக்குப் புரியவில்லை, பாவம்.

மச்சான் வீடு திரும்பியதும் மனைவி முதல் வேலையாக அவரிடம் சொன்னாள். அவர் தலையணையில் சாய்ந்தபடி, "பிளக்கா? அதைக் கொழந்தைகூட மாத்துமே மாப்ளே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக.

பிளக் வேலையில் ஒரே ஒரு குறை உண்டு. ஒரு தடவை மாற்றினால் மூன்று நான்கு வருஷத்துக்கு அந்தப் பக்கமே போக வேண்டாம். அவ்வளவு நாள் யார் காத்திருப்பது? பிளக்கின் நுனியில் சின்னதாக ஒரு கொக்கி இருக்கும். அதற்கும் நடுவிலிருக்கும் கம்பிக்கும் இடையே நகத்தின் கனத்துக்கு ஓர் இடைவெளி. பொறி தெறிப்பது அங்கேதான். தரையில் இலேசாகத் தட்டினால் இடைவெளி மூடிக்கொள்ளும், பொறி வராது. ஒன்றை மூடினால் கார் குலுங்கும். நான்கையும் மூடினால் கிளம்பவே கிளம்பாது. மேலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது.

முதலில் எங்கள் காரிலேயே ஒன்றை மூடினேன். மனைவி என்னைக் கூப்பிட்டாள். அப்புறம் எதிர்வீட்டு டியூஷன் டீச்சரின் கார். அவர் ஊருக்குப் போகும்போது சாவியை எங்களிடம்தான் கொடுத்துவிட்டுப் போவார். திரும்பி வந்து கார் குலுங்குகிறது என்றார், நான் போய்ச் சரிசெய்தேன். படிக்க வந்த பிள்ளைகளையெல்லாம் வாசலுக்கு அழைத்துக் கைதட்டச் சொன்னார். பதினோரு பிள்ளைகள். பிளக் டாக்டர் என்று பெயரும் வைத்தார்கள். கால் தரையில் பாவாமல் நடப்பது என்று சொல்வார்களே, தெருவைக் கடந்து அப்படித்தான் வீட்டுக்கு வந்தேன். இதில் யாருக்கு என்ன நஷ்டம்? கெட்டதை நானே சரிசெய்தும் கொடுத்துவிட்டேன்.

ஆனால் மச்சான் மட்டும் கூப்பிடவில்லை. அவர் காரை அவரே பார்த்துக்கொள்வார். மற்றவர் விரல் பட்டால் துணியால் துடைப்பார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் சாப்பாடு. சாப்பிட்டுவிட்டு அவர் படுத்துவிட்டார். பெண்கள் உள்ளே பேசிக்கொண்டிருந்தார்கள். சாவி ஆணியில் தொங்கியது. காற்று வாங்கிவிட்டு வருகிறேன் என்று வெளியே போனேன், ஸ்பேனர் பையில் இருந்தது. ஒன்றோடு நிறுத்தியிருக்கலாம்தான். மச்சான் விஷயத்தில் ஒன்றோடு நிறுத்த மனசு வரவில்லை. நான்கையும் தட்டி மாட்டினேன். என் கணக்கு இதுதான்: திங்கட்கிழமை எட்டரைக்கு வேலைக்குக் கிளம்புவார், கார் அசையாது, அரை மணி நேரம் அவரே குடைந்து பார்ப்பார், ஒன்பது மணிக்கு வேறு வழியில்லாமல் எனக்குப் போன் செய்வார்.

திங்கட்கிழமை விடிந்ததும் குளித்துவிட்டேன். மனைவி காலை ஷிப்டுக்குப் போய்விட்டாள். இஸ்திரி போட்ட சட்டை. கருவிப்பெட்டி வாசலில் தயார். நான்கு புது பிளக்கையும் சனிக்கிழமையே வாங்கி வைத்திருந்தேன். பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் மேடைக்குப் பின்னால் நிற்கும் பிள்ளை மாதிரி வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

போன் ஏழு பத்துக்கே வந்துவிட்டது. மச்சானின் மனைவி பேசினாள்.

"அண்ணே, இவருக்கு மறுபடி நெஞ்சு வலிக்குது. எப்படியோ பிடிச்சுக் கார்ல படுக்க வச்சிட்டேன், கார் ஸ்டார்ட்டே ஆகல. ஆம்புலன்ஸுக்குச் சொல்லட்டுமா?"

"அதெல்லாம் எதுக்கும்மா, இதோ நான் வந்து சரி பண்ணிடறேன்" என்றேன். கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது இதுதான்.

மூன்று நிமிஷத்தில் அங்கே இருந்தேன். என் காரில்தான் போனேன், பெட்டி கனம். மச்சான் பின்சீட்டில் படுத்திருந்தார். முகமெல்லாம் வேர்வை. என்னைப் பார்த்ததும் கையை நீட்டி, "மாப்ளே, சீக்கிரம்" என்றார். சார், அவர் என்னிடம் ஒன்றைக் கேட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அவள், "அண்ணே, உங்க வண்டியிலயே போயிடலாம்ணே" என்றாள். நியாயமான யோசனைதான். என் கார் வாசலில் சாவியோடுதான் நின்றது. "படுத்திருக்கிறவரை எதுக்கும்மா அலைக்கழிக்கணும், இதோ முடிஞ்சுடும்" என்று சொல்லிவிட்டு பானெட்டைத் தூக்கினேன்.

நான் வேண்டுமென்றே தாமதித்ததாக அவள் புகாரில் எழுதியிருக்கிறாள். அது மட்டும் தவறு. நான்கு பிளக்குக்கும் சேர்த்து இருபத்திரண்டு நிமிஷம். கடையில் இதையே தொழிலாகச் செய்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். அதற்காக அவசரப்பட்டு எதையும் கெடுக்கவும் இல்லை. ஒவ்வொன்றையும் விரலால் திருகித்தான் இறக்கினேன். மூன்றோடு நிறுத்தியிருந்தால் குலுங்கிக்கொண்டாவது கிளம்பியிருக்கும், ஐந்து நிமிஷம் மிஞ்சியிருக்கும், உண்மைதான். ஆனால் மச்சான் காரைக் குறையாக விட எனக்கு மனம் ஒப்பவில்லை. இரண்டாவது பிளக்கின்போது அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். மூன்றாவதின்போது வாசலுக்கு ஓடி யார் யாரையோ கூப்பிட்டாள். எனக்கு எதுவும் சரியாகக் காதில் விழவில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

ஆமாம், நான்தான் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை செய்ததும் நான், திங்கட்கிழமை செய்ததும் நான். யாரும் ஒரு ஸ்பேனர்கூட எடுத்துக் கொடுக்கவில்லை. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

சாவியை ஒரே ஒரு தடவைதான் திருப்பினேன். உடனே கிளம்பிவிட்டது. திரும்பி, "மச்சான், கேக்குதா?" என்றேன். கண் திறந்துதான் இருந்தது. அவர் அதற்குப் பத்து நிமிஷம் முன்பே போய்விட்டதாக ஆஸ்பத்திரியில் சொல்கிறார்கள். அவர்களுக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும்? மச்சான் கேட்டார், சார். கேட்டு அசந்துபோய்த்தான் பேசாமல் இருந்தார். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.